ரேடியோ எட்டவில்லையா? ஆன்டெனா கெயினை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கையில் வைத்துப் பேசும் வாக்கி டாக்கி, காரில் மாட்டும் செட், படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ எதுவானாலும் சரி, எட்டவில்லை என்றதும் முதலில் எழும் கேள்வி “இன்னும் கெயின் (அலையை ஒரு பக்கமாகக் குவிக்கும் திறன்) கூடின ஆன்டெனா இருக்கிறதா?” என்பதுதான். கடையிலும் நீளமான ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். சில இடங்களில் அது நன்றாகப் பலன் தரும். சில இடங்களில் ஏற்கெனவே இருந்த தொடர்பும் போய்விடும். எந்த இடத்தில் எது நடக்கும் என்பதை அறிகுறியை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆன்டெனா பவரை உண்டாக்குவதில்லை. செட் தரும் வாட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை மட்டும்தான் அது முடிவு செய்கிறது. ஒரே கரண்டி மாவில் தோசையைப் பெரிதாக இழுத்தால் மெல்லிசாகிவிடும் அல்லவா, அதே கணக்குதான். செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவில் கெயின் கூடினால் அலை அடிவானத்தை நோக்கிப் பலமாகப் போகும். மேலேயும் கீழேயும் ஒடுங்கிவிடும். சாதாரண அரை அலை டைப்போலின் (அலை நீளத்தில் பாதி நீளமுள்ள எளிய ஆன்டெனா) செங்குத்து வீச்சு, அதாவது அலை பலமாகப் பரவும் கோணம், சுமார் 78 டிகிரி. அதற்கு மேல் கெயின் 3 டெசிபல் (சுருக்கமாக டிபி; 3 டிபி கூடினால் பலம் இரண்டு மடங்கு) ஏறும்போதெல்லாம் அந்த வீச்சு ஏறக்குறையப் பாதியாகும். 6 டெசிபல் கூடுதல் கெயினுள்ள ஆன்டெனாவுக்கு மிஞ்சுவது 20 டிகிரி சொச்சம்தான்.

அதனால் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. நாம் பேசும் ஆள் நமக்குச் சம மட்டத்தில் இருக்கிறாரா, மேலேயா, கீழேயா? நம் ஆன்டெனா எப்போதும் நேராக நிற்குமா, ஆடுமா?

சோதிக்கும்போது பழைய ஆன்டெனாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஒப்பிடுவதும் பக்கத்துத் தெரு நண்பரோடு வேண்டாம். எஃப்எம் முறையில் சிக்னல் ஓரளவுக்கு மேல் வந்துவிட்டால் இரைச்சலே இருக்காது. அதன்பின் 3 டெசிபல் கூடினாலும் குறைந்தாலும் காதுக்குத் தெரியாது. இரைச்சலோடு தட்டுத் தடுமாறி வரும் தூரத்து நிலையம் ஒன்றைப் பிடித்து, அதை வைத்துப் பாருங்கள்.

“புது ஹை கெயின் ஆன்டெனா போட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை”

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். முதலில் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கெயினை இரண்டு விதமாகச் சொல்வார்கள். டிபிடி என்றால் டைப்போலோடு ஒப்பிட்டது. டிபிஐ என்றால் எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டது. இரண்டுக்கும் இடையே 2.15 டெசிபல் வித்தியாசம். பழைய ஆன்டெனாவில் 3 டிபிடி என்றும் புதியதில் 5.15 டிபிஐ என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான். வெறும் “6 டிபி” என்று மட்டும் அச்சடித்திருந்தால் அதைக் குறைத்தே மதிப்பிடுங்கள். ஆன்டெனாவின் நீளத்தைப் பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அந்த அலைவரிசையில் ஒரு மீட்டர் கம்பி 6 டிபிடி கெயின் தரும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அடுத்தது கேபிள். என் கணிப்பில் இந்தப் புகாரில் பாதிக்கு மேல் இங்கேதான் முடியும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும். மாடியிலிருந்து அறைக்கு 25 மீட்டர் இழுத்தால் 5 டெசிபல் போய்விடும். 50 வாட் செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 16 வாட்தான். அதே 25 மீட்டருக்கு ஆர்ஜி-213 போட்டால் இழப்பு இரண்டேகால் டெசிபல் அளவில் நின்று 30 வாட் மேலே போகும். எல்எம்ஆர்-400 தரத்துக் கேபிள் என்றால் ஒன்றேகால் டெசிபல்தான் போகும். ஆக, கேபிளை மாற்றினாலே ஆன்டெனாவில் 3 டெசிபல் கூட்டியதற்குச் சமமான பலன் கிடைத்துவிடுகிறது. வீச்சும் ஒடுங்கவில்லை. கேட்கும் பக்கமும் அதே அளவு லாபம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை (1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) செட்டுக்குப் பக்கத்தில் வைத்து “1.5 காட்டுகிறது, எல்லாம் சரி” என்று விட்டுவிடுவார்கள். 5 டெசிபல் இழப்புள்ள கேபிளில் அலை மேலே போகும்போது 5, திரும்பி வரும்போது 5, மொத்தம் 10 டெசிபல் தேய்ந்துதான் மீட்டருக்கு வரும். மேலே ஆன்டெனா அடியோடு கழன்று விழுந்திருந்தால்கூடக் கீழே மீட்டர் 2-ஐத் தொடாது. அதனால் ஆன்டெனாவின் அடியிலேயே மீட்டரையோ நானோவிஎன்ஏ என்ற சிறு அளவைக் கருவியையோ மாட்டி அளந்து பாருங்கள். நீங்களே ஏற முடியாது என்றால், ஏறுபவரிடம் கேபிளின் மேல் முனையில் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) மாட்டச் சொல்லி, கீழே ஒரு பவர் மீட்டர், மேலே ஒரு பவர் மீட்டர் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எவ்வளவு கிளம்புகிறது, எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது கையோடு தெரிந்துவிடும்.

கேபிளும் சரியாக இருந்தால் உயரத்துக்கு வாருங்கள். ரேடியோ அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 9 மீட்டர் உயரத்துக்கு 12 கிலோமீட்டர் சொச்சம்; 16 மீட்டருக்கு 16 கிலோமீட்டர் சொச்சம். எதிர்முனையின் உயரத்துக்கும் இப்படிப் போட்டு இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். சமதளமான ஊரில் ஆன்டெனாவை 6 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்கு ஏற்றினால் தூரத்து நிலையத்துக்கு ஏறக்குறைய 6 டெசிபல் லாபம். டைப்போலை இறக்கிவிட்டு ஐந்து மீட்டர் நீள ஆன்டெனா வாங்கினால் கிடைப்பதும் அதே அளவுதான். ஒரு நீளம் ஜிஐ குழாய் அதைவிட மலிவு. இடிதாங்கியும் எர்த்திங்கும் சரியாகப் போட்டுவிட்டு ஏற்றுங்கள், அது மட்டும் கட்டாயம்.

“மலைமேல் இருந்து தூரத்து ஊரெல்லாம் கேட்கிறது, அடிவாரம் மட்டும் கேட்கவில்லை”

இது அசலான கெயின் கோளாறு. கெயினைக் கூட்டினால் மோசமாகும், குறைத்தால் சரியாகும்.

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். மலை சுமார் 1,500 மீட்டர், கீழே சேலம் சுமார் 280 மீட்டர். இடைப்பட்ட உயரம் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மலை விளிம்பிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் கிடைமட்டத்திலிருந்து 2 டிகிரி சொச்சம்தான் கீழே இருக்கிறார். 10 கிலோமீட்டரில் இருப்பவர் 7 டிகிரி கீழே. 5 கிலோமீட்டரில் 13 டிகிரிக்கு மேல். இரண்டே முக்கால் கிலோமீட்டரில் இருப்பவர் 24 டிகிரி கீழே.

இப்போது 145 மெகாஹெர்ட்ஸில் ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு கொலினியர் ஆன்டெனாவை (பல ஆன்டெனாத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது) அங்கே நிறுத்துங்கள். அதன் வீச்சு கிடைமட்டத்துக்கு மேலே 10 டிகிரி, கீழே 10 டிகிரி. அந்த விளிம்பில் பலம் பாதியாகிவிடும். 24 டிகிரியை நெருங்கும்போது அலை கிட்டத்தட்ட இல்லவே இல்லை; அந்த இடத்துக்கு ‘நல்’ (null) என்று பெயர். தர்மபுரிப் பக்கம் பேசுபவர் கணீரென்று கேட்பார். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கூப்பிடுபவர் கரகரப்பார். அவர் கண்ணுக்கு உங்கள் மலை தெரியும், அதனால் அவருக்கு ஒன்றும் புரியாது.

உறுதிப்படுத்துவது எளிது. அடிவாரத்தில் இருப்பவரை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, மேலே கொலினியரைக் கழற்றி ஒரு கால் அலை கிரவுண்ட் பிளேனையோ (கால் அலை நீளக் கம்பியும் அடியில் சில கம்பிகளும் உள்ள எளிய ஆன்டெனா) டைப்போலையோ அதே கம்பத்தில் மாட்டுங்கள். சிக்னல் எகிறினால் கோளாறு இதுதான். எகிறவில்லை என்றால் இடையில் ஒரு பாறையோ மலைத்தோளோ மறைக்கிறது. எந்த ஆன்டெனாவும் அதற்கு உதவாது, கம்பத்தை விளிம்புப் பக்கம் நகர்த்த வேண்டும்.

தீர்வு இரண்டு. பேச வேண்டியவர்கள் பெரும்பாலும் கீழே பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்றால் டைப்போல் போதும். மலை ஏற்கெனவே உயரத்தைக் கொடுத்துவிட்டது, கெயின் அங்கே இரண்டாம்பட்சம். தூரமும் வேண்டும், பக்கமும் வேண்டும் என்றால் வீச்சைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வடிவமைத்த ரிப்பீட்டர் (ஒருவர் பேசுவதை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் நிலையம்) ஆன்டெனாக்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் மலை உச்சி ரிப்பீட்டருக்கு அது நியாயமான செலவு. ஆன்டெனாவையே கையால் சாய்த்து நிறுத்தும் யோசனை சிலருக்கு வரும். ஒரு பக்கம் கீழே இறங்கினால் எதிர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும். ஒரே திசையில் மட்டும் பேசுவதாக இருந்தால் தவிர வேண்டாம்.

இன்னொன்று. அடியிலிருந்து மின்னூட்டம் ஏறும் நீண்ட கொலினியர்கள் தங்களுக்குரிய அலைவரிசையில் மட்டும்தான் வீச்சை நேராக வைத்திருக்கும். 146 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய ஆன்டெனாவை 156-இல் ஓட்டினால் எஸ்டபிள்யூஆர் தாங்கிக்கொள்கிற அளவில் இருந்தாலும் வீச்சு மேலேயோ கீழேயோ சாய்ந்துவிடும். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) ஆன்டெனாவைப் படகில் போடுவதும், படகு ஆன்டெனாவை ஹாம் செட்டில் போடுவதும் நீளமான ஆன்டெனாக்களில் கைகொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

“கடலில் குரல் ஏறி இறங்கி வருகிறது”

கரையில் கட்டியிருக்கும்போது அருமையாகப் பேசும். கடலுக்குள் போய் அலையில் ஆடத் தொடங்கியதும் குரல் வரும், மங்கும், வரும், மங்கும். படகின் ஆட்டத்தோடு எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே தாளமாக இருந்தால் கெயின் கூடிப்போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். படகு 20 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால், 20 டிகிரி வீச்சுள்ள ஆன்டெனா ஒரு முறை வானத்தோடும் மறுமுறை தண்ணீரோடும்தான் பேசும்.

சோதனைக்குச் செலவே இல்லை. பேசும் நிலையம் உங்களுக்குப் பக்கவாட்டில் இருந்தால், படகைத் திருப்பி அணியத்தை (முன்முனையை) அந்தத் திசைக்குக் கொண்டுவாருங்கள். படகு இடம் வலமாக ஆடும்போது முன்னால் இருப்பவருக்கு ஆன்டெனா லேசாகக் கோணலாகத் தெரியும், அவ்வளவுதான். அவரை நோக்கிய வீச்சு மேலும் கீழும் போகாது. மங்கல் நின்றுவிட்டால் கெயினைக் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் மங்குகிறது, அதுவும் பெரிய அலையில் படகு பள்ளத்தில் இறங்கும்போதுதான் மங்குகிறது என்றால் ஆன்டெனா தாழ்வாக இருக்கிறது, உயர்த்தினாலே போதும்.

வள்ளம், ஃபைபர் படகு போன்ற சிறிய கலங்களுக்கு 3 டிபி என்று விற்கும் ஆன்டெனாதான் என் சிபாரிசு. ஆட்டம் குறைந்த பெரிய விசைப்படகுக்கு 6 டிபி பொருந்தும். 9 டிபி நீளக்குச்சியை அசையாமல் நிற்கும் பெரிய கப்பலுக்கும் கரையில் இருக்கும் நிலையத்துக்கும் விட்டுவிடலாம். ஃபைபர் உடலில் உலோகத் தளம் கிடையாது. அதனால் தரைத்தளம் தேவைப்படாத அரை அலை ஆன்டெனாவாகப் பார்த்து வாங்குங்கள். கார் ஆன்டெனாவைக் கொண்டுபோய் ஃபைபரில் மாட்டினால் எஸ்டபிள்யூஆரே நிற்காது.

தூரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கடலில் இது உயிர் விஷயம். 4 மீட்டர் உயர ஆன்டெனாவுள்ள இரண்டு படகுகளுக்கு இடையே ரேடியோ அடிவானம் பதினாறரை கிலோமீட்டர், அதாவது 9 கடல் மைல் அளவு. 9 டிபி மாட்டினாலும் பூமியின் வளைவு நகரப் போவதில்லை. ஒரு படகின் ஆன்டெனாவை 9 மீட்டருக்கு உயர்த்தினால் நான்கு கிலோமீட்டர் கூடும். கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் 4 மீட்டர் படகிலிருந்து 33 கிலோமீட்டர் வரை எட்டும். அபாய அழைப்புக்கான 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், அந்த எல்லைக்குள்தான் வேலை செய்யும். அதற்கு அப்பால் போகிறவர்கள் செயற்கைக்கோள் வழிக் கருவியை நம்ப வேண்டுமே தவிர, கெயினை அல்ல.

“காரில் நெடுஞ்சாலையில் நன்றாக இருக்கிறது, ஊருக்குள்ளும் மலைப்பாதையிலும் சொதப்புகிறது”

நெடுஞ்சாலையில் ரிப்பீட்டர் தூரத்தில், அடிவானத்தை ஒட்டி இருக்கும். அங்கே ஐந்தெட்டு அலை ஆன்டெனா (அலை நீளத்தில் எட்டில் ஐந்து பங்கு நீளமுள்ளது) நன்றாக எடுபடும். ஊருக்குள் உயர்ந்த கட்டடத்து உச்சியிலோ, மலைப்பாதையில் தலைக்கு மேலே உள்ள முகட்டிலோ இருக்கும் நிலையத்துக்கு 49 சென்டிமீட்டர் கால் அலைக் கம்பிதான் பல நேரம் நன்றாகப் பேசும். அதன் வீச்சு அகலம். கிளைகளில் அடிபட்டாலும் ஒடியாது என்பது கூடுதல் வசதி. ஒரே மவுண்டில் இரண்டையும் மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.

மவுண்ட் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கூரையின் நடுவில் இருந்தால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் வரும். டிக்கி ஓரத்தில் ஒட்டவைத்தால் உலோகம் அதிகமாக இருக்கும் பக்கமே சிக்னல் சாயும். வண்டி ஓடும்போது மட்டும் டபடபவென்று வெட்டி வெட்டி வந்து, ஓரடி நகர்த்தி நிறுத்தினால் தெளிவாகிறதா? அது கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் வருவது. கெயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“அவர் எனக்குக் கேட்கிறார், நான் அவருக்குக் கேட்கவில்லை”

ஆன்டெனாவின் கெயின் அனுப்பும்போது எவ்வளவோ, வாங்கும்போதும் அவ்வளவே. ஒரு பக்கம் மட்டும் நொண்டினால் ஆன்டெனாவை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். ரிப்பீட்டர் என்றால் சிடிசிஎஸ்எஸ் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி) சரியா, அனுப்பும் அலைவரிசைக்கும் வாங்கும் அலைவரிசைக்கும் இடையிலான இடைவெளி சரியா என்று பாருங்கள். அப்புறம் மைக்கை அழுத்தும்போது செட்டின் பின்னால் வோல்ட்டை அளவிடுங்கள். 25 வாட் செட் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் பாட்டரியிலிருந்து தூரமாக இழுத்திருந்தால் வோல்ட் 11-க்குக் கீழே விழுந்து பவர் சரிந்துவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் அவர் பக்கத்தில் இரைச்சல் அதிகம். அவர் வீட்டு எல்இடி விளக்கு, சோலார் இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

“கையடக்க செட்டை மாடி ஆன்டெனாவில் இணைத்தேன், கேட்பதே குறைந்துவிட்டது”

விலை குறைந்த கையடக்க செட்டுகளின் முன்பகுதியில் வடிகட்டி பலமாக இருக்காது. பெரிய ஆன்டெனா ஊரிலுள்ள எஃப்எம் வானொலி, மற்ற வயர்லெஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டும்போது ரிசீவர் திணறி, பலவீனமான சிக்னலை விட்டுவிடும். உடன் வந்த ரப்பர் ஆன்டெனாவை மறுபடி மாட்டியதும் அதே நிலையம் கேட்டால் இதுதான் காரணம். நடுவில், வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் போடுங்கள், அல்லது நல்ல முன்பகுதியுள்ள மொபைல் செட்டுக்கு மாறுங்கள். நகரத்தின் நடுவில் கெயின் குறைந்த ஆன்டெனாவே நல்ல தேர்வாக அமையும்.

கையில் வைத்துப் பேசுவதற்கு மட்டும் என்றால், ரப்பர் ஆன்டெனாவுக்குப் பதில் 40, 50 சென்டிமீட்டர் நீளமுள்ள வளையும் கம்பி வாங்குங்கள். இந்தத் துறையில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் அது. செட்டின் ஆன்டெனா அடியில் தரைப்பக்கத்தோடு (கனெக்டரின் வெளி உலோகம்) 49 சென்டிமீட்டர் வயர் ஒன்றை இணைத்துத் தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். அதைவிட நீளமானதை நேரே செட்டில் மாட்ட வேண்டாம், செட்டிலுள்ள சிறிய எஸ்எம்ஏ கனெக்டர் ஆட்டம் கண்டுவிடும்.

“யாகி போட்டும் பலமில்லை”

யாகி என்பது வரிசையாகக் குறுக்குக் கம்பிகள் கொண்டு, அலையை ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனா. திசையை மட்டும் பார்க்காதீர்கள், கம்பிகள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். எஃப்எம் ரிப்பீட்டர்களும் வண்டிகளும் செங்குத்து ஆன்டெனாவில் பேசுகின்றன. யாகியின் கம்பிகளைப் பழைய டிவி ஆன்டெனாபோலப் படுக்கவைத்திருந்தால் 20 டெசிபல் வரை இழக்கலாம். யாகி தரும் மொத்தக் கெயினையும் அது விழுங்கிவிடும். 90 டிகிரி திருப்பி நிறுத்துங்கள். தாங்கும் இரும்புக் கம்பம் கம்பிகளுக்கு இணையாக நடுவே வராமல் பின்பக்கமாகப் பிடியுங்கள். பல திசையில் இருப்பவர்களோடு பேச வேண்டியவருக்கு யாகியே தேவையில்லை.

“முன்பு எட்டியது, மழைக்காலத்துக்குப் பிறகு எட்டவில்லை”

இதற்கும் கெயினுக்கும் தொடர்பில்லை, ஆனால் இந்த நிலையில்தான் பலர் புது ஆன்டெனா வாங்குகிறார்கள். கேபிள் முனையிலுள்ள பிஎல்-259 கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை பிடித்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. கடலோரத்தில் உப்புக்காற்றே அதைச் செய்துவிடும். மேலுறையைச் சீவி, பின்னல் வலையைப் பாருங்கள். செம்பு பளபளப்பாக வரும்வரை கேபிளை வெட்டிக்கொண்டே வந்து புது கனெக்டர் போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் ஒரு சுற்று சுற்றுங்கள். ஒரு மீட்டர் வெட்டியும் வலை கறுப்பாகவே இருந்தால் அந்தக் கேபிள் முழுக்கப் போய்விட்டது. ஆன்டெனாவை அப்படியே வைத்துக்கொண்டு கேபிளை மட்டும் மாற்றுங்கள்.